தோள் உயரத்தில் ஒரு கொக்கி

"கண்ணை மூடு."

"எதுக்குங்க?"

"மூடுன்னா மூடேன். கடத்திக்கிட்டா போகப் போறேன்? பின்னறைக்குத்தான்."

என் கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. விற்காத சட்டங்கள், காலிப் பெட்டிகள், உடைந்த நாற்காலி என்று கடைக்கு ஆகாததெல்லாம் எங்கள் பின்னறைக்குத்தான் வந்து சேரும். நான் கண்ணைத் திறந்தபோது ஒரு பெட்டியைக்கூடக் காணோம். தரை முழுக்கக் கறுப்பு ரப்பர் விரிப்பு. நடுவில் ஆளுயரத்துக்கு ஓர் இரும்புச் சட்டம். அதன் இரண்டு கொக்கிகளில் நீளக் கம்பி. ஓரமாக வட்ட வட்ட எடைப் பிளேட்டுகள் அடுக்கியிருந்தன. எதிர்ச்சுவரில் நிலைக்கண்ணாடி.

"எப்படி?" என்றார்.

"யாருக்குங்க இது?"

"யாருக்கா? எனக்குத் தூக்கத் தெரிஞ்சதெல்லாம் சோத்துக் கையைத்தான். உனக்குத்தான்டி."

பிறகு ஆரம்பித்தார். கடையில், கண்ணாடி வேண்டாம் என்று கிளம்புகிறவரை மறுபடி நாற்காலியில் உட்கார வைக்கும் அதே குரல்.

"படுக்கையை விட்டு இறங்கினா ஜிம். மழை, வெயில் கிடையாது. செருப்புகூட வேணாம். அடுத்தவ வேர்வை மேல உட்கார வேணாம், அவ எழுந்திருக்கிற வரைக்கும் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்க வேணாம். எவ பாட்டையும் கேட்க வேணாம். மூச்சு வாங்கினா வாய்விட்டு வாங்கலாம், யாரு பார்க்கப் போறா? அடுப்புல பாலை வச்சுட்டு வந்து தூக்கலாம், பொங்குற சத்தம் கேட்டா ஓடிப் போகலாம்."

"பால் யாருக்கு?"

"காபிக்கு."

"காபி யாருக்கு?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். காலையில் நான் ஜிம்முக்குப் போய்விடுவதால் ஆறிய காபியைச் சூடுபண்ணிக் குடிப்பது அவருக்கு ஒரு பெரிய குறை.

"எடை தூக்குற போட்டிக்கு ஜிம் மாஸ்டர்கிட்டப் போய்ப் பழகியாகணுமேங்க."

"போட்டி எங்க ஓடிப் போகுது? இங்க பழகு, அங்க போய்த் தூக்கு. இரும்பு எங்கயும் இரும்புதானே?"

சத்தம் கேட்டு மாடியிலிருந்து சின்னவள் இறங்கி வந்தாள். என் கொழுந்தன் மனைவி. கொழுந்தன் லாரியில் தொலைதூரம் போகிறவன்; வீட்டில் இருப்பதைவிட வழியில் இருப்பதுதான் அதிகம். மாடியில் அவள், கீழே நாங்கள்.

"அடேயப்பா!" அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அத்தான், இதெல்லாம் எப்ப நடந்துச்சு? எனக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லலையே! அக்கா, குடுத்து வச்சவங்கக்கா நீங்க."

"நீயும் வந்து தூக்கு. ரெண்டு பேருக்கும்தான்."

"ஐயோ, நான் மாஸ்டர்கிட்டயே போறேன். எனக்கு நாலு பேரு பேச்சு கேட்டாத்தான் கை கால் அசையும்."

அதில் அப்போது எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

நான் வேலை செய்வது மருந்துக் கடையில். நாளெல்லாம் நின்றபடி கால்சியம் மாத்திரை விற்கிறவளுக்கே எலும்பு சல்லடை என்று, குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. "நடந்தா மட்டும் போதாதும்மா, எடை தூக்குங்க" என்றார் டாக்டர். டயர்க் கடைக்கு மேலே பெண்களுக்கென்று ஒரு ஜிம் இருந்தது. தனியாகப் போக வெட்கமாக இருந்ததால் சின்னவளையும் இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே சொல்லிக்கொடுத்தவள் எங்கள் இரண்டு பேருக்கும் மகளாக இருக்கக்கூடிய வயதுக்காரி. ஆனாலும் எல்லாருக்கும் அவள் மாஸ்டர். அவளிடம் ஒரு கட்டளை உண்டு. கம்பியைத் தோளில் வாங்கி உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட்டை யாரும் தனியாகச் செய்யக் கூடாது. ஜோடி போட்டுவிடுவாள். ஒருத்தி தூக்கினால் மற்றவள் பின்னால் நிற்க வேண்டும். பிளேட் மாட்டுவது, கொக்கியைத் தூக்குகிறவளின் தோளுக்குச் சரியான துளையில் பொருத்துவது எல்லாம் பின்னால் நிற்பவள் வேலை.

"தூக்குறவங்க துளையை எண்ணக் கூடாது, பிளேட்டை எண்ணக் கூடாது. நேரா கம்பிக்கு அடியில வந்து நில்லுங்க. எவ்வளவுங்கிற பயம் பின்னாடி நிக்கிறவங்களுக்கு இருக்கட்டும்" என்பாள் மாஸ்டர்.

அதனால் என் கொக்கி எந்தத் துளையில் இருக்கும் என்பது எனக்கே தெரியாது. சின்னவளுக்குத் தெரியும். அவளுடையது எனக்குத் தெரியும். உடைந்து ஒட்டிய மணிக்கட்டு என்பதால் வலது கையை நான் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டும். அந்த இடத்தில் சின்னவள் தினமும் கம்பியைச் சுற்றி ஒரு துண்டு வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டுவாள். என் கடைப் பிளாஸ்திரிதான். கத்தரிக்கோல் தேட மாட்டாள், பல்லால் கடித்துக் கிழிப்பாள்.

"எலி கூடத் தேவலைடி."

"எலிக்கு உங்களை மாதிரி அக்கா உண்டா?"

ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்தும் உப்புக்கும் புளிக்கும் மட்டும் பேசிக்கொண்டிருந்த நாங்கள், அந்த ஜிம்மில்தான் அக்காளும் தங்கையும் ஆனோம். பின்னால் அவள் மூச்சுக் காற்று கழுத்தில் படும். "இறங்குங்கக்கா, நான் இருக்கேன்" என்பாள். கண்ணை மூடிக்கொண்டு இறங்குவேன்.

ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு ஒரு போட்டி வந்தது. ஒவ்வொரு ஜிம்மிலிருந்தும் ஓர் எடைப் பிரிவுக்கு ஒருத்திதான் போகலாம். அவளும் அந்த ஜிம்மிலேயே பயிற்சி செய்கிறவளாக இருக்க வேண்டும். நானும் சின்னவளும் ஒரே எடை. மாஸ்டர் என்னைச் சொன்னாள். வாழ்க்கையில் நான் எதற்கும் மேடை ஏறியதில்லை. கல்யாண மேடையில்கூடக் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். சின்னவள்தான் முதலில் கை தட்டினாள். அவள் வளையல் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"மேடையில அந்த உடம்போட ஒட்டின உடுப்பைப் போட்டுக்கிட்டா நிக்கப் போற?" என்று வீட்டுக்காரர் மட்டும் கேட்டார்.

"பின்ன, பட்டுப்புடவை கட்டிக்கிட்டா உட்கார்ந்து எழுந்திருப்பாங்க?"

அதோடு அந்தப் பேச்சு நின்றது. நின்றது என்றுதான் நினைத்தேன்.

பின்னறையைத் திறந்து காட்டிய மறுநாள் காலை அங்கே போய் நின்றேன். பிளேட் எதுவும் மாட்டவில்லை, வெறும் கம்பி. அடியில் நுழைந்து நிமிர்ந்தேன். எக்கவும் வேண்டியிருக்கவில்லை, குனியவும் வேண்டியிருக்கவில்லை. அளந்து தைத்த ரவிக்கை மாதிரிக் கம்பி என் தோளில் வந்து உட்கார்ந்தது.

என் செருப்பு அளவு தெரியாத மனிதர், என் தோள் எந்த உயரம் என்று எப்போது பார்த்து வைத்தார்?

"ஏங்க," என்று கூப்பிட்டேன். "கொக்கியை யாரு வச்சா?"

காபியோடு வந்தவர் ஒரு கணம் விழித்தார். "ம்... நான்தான். உன் உயரம் எனக்குத் தெரியாதா?"

"பார்த்துத்தான் வச்சீங்களா?"

"பின்னே? ஊருக்கே கண் அளந்து கண்ணாடி மாட்டுறவன்டி நான்."

அந்த நிமிஷம் நான் அடைந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மறுபடி கம்பிக்குப் போய்க் கையை வைத்தேன். வலது உள்ளங்கையில் சொரசொரப்பாக ஏதோ பட்டது. கையை எடுத்துப் பார்த்தேன்.

வெள்ளைப் பிளாஸ்திரி. நான் தள்ளிப் பிடிக்கும் அதே இடத்தில். ஓரம் நேராக இல்லை. பிசிறு பிசிறாக, பல்லால் கடித்துக் கிழித்தது.

காபி ஆறிக்கொண்டிருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

டயர்க் கடைக்கு மேலே படி ஏறும்போதே பிளேட் மோதும் சத்தம் கேட்டது. மாஸ்டர் யாருக்கோ முதுகை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க பெரியக்கா! வீட்டு ஜிம் எப்படி இருக்கு? எங்களையெல்லாம் மறந்துட்டீங்க."

"நேத்து ஒரு நாள்தானே வரலை? அதுக்குள்ள என்ன மறதி?"

"இல்ல, இனிமே வீட்டுலயே பண்ணிக்கிறதா சொல்லி அனுப்பினீங்களே."

"யார்கிட்டச் சொல்லி அனுப்பினேன்?"

"சின்னக்காகிட்டத்தான். போன வாரமே சொன்னாங்க. 'அக்காவுக்கு மூச்சு வாங்குது, போட்டியெல்லாம் வேணாங்கறாங்க, நேரில் சொல்லக் கூச்சப்படறாங்க, நீங்களா எதுவும் கேட்டுடாதீங்க'ன்னு." மாஸ்டரின் குரல் இறங்கியது. "உங்க இடத்துக்கு அவங்க பேரைக் குடுத்துட்டேன்க்கா. நீங்க... சொல்லலையா?"

பக்கத்தில் கிடந்த பலகையில் உட்கார்ந்தேன்.

"போன வாரமா?"

"ஆமா."

போன வாரம் முழுக்க அவள் என் பின்னால் நின்றாள். "இறங்குங்கக்கா, நான் இருக்கேன்" என்றாள்.

"பேரை மாத்த முடியுமா?"

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள மாத்தலாம். ஆனா, ஒரே வீட்டுக்காரங்க நீங்க. நான் நடுவுல புகுந்தா நல்லா இருக்காது. ரெண்டு பேரும் பேசி, யாரு போறீங்கன்னு எனக்கு ஒரு போன் போடுங்க. சின்னக்கா வாயால வந்தா எனக்கும் நிம்மதி."

வீட்டுக்கு வந்தபோது அவர் பின்னறையில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கையில் துடைக்கிற துணியைப் பார்த்ததில்லை. குற்றமுள்ள நெஞ்சுக்கு இப்படித்தான் திடீரென்று வீட்டு வேலை வரும்.

"இது யாரு யோசனை?"

"எது?"

"இந்த ஜிம்மு."

"யாரு யோசனையா இருந்தா என்ன? நல்லதுதானே?"

"கொக்கியை வச்சது யாரு?"

துணியைப் பிழிந்தார். சொட்டுக்கூடத் தண்ணீர் வரவில்லை.

"அவதான். நீ மருந்துக் கடைக்குப் போயிருந்தப்ப இறங்கி வந்து எல்லாம் பார்த்து வச்சுக் குடுத்தா. 'நான் வந்தது அக்காவுக்குத் தெரிய வேணாம் அத்தான், நீங்களே செஞ்சதா இருக்கட்டும்'னா. எனக்கும் அது... நல்லா இருந்துச்சு."

"ஜிம் வைக்கணும்னு சொன்னதும் அவளா?"

"நீ ஒரு நாளைக்குக் கம்பிக்கு அடியில விழுந்துடுவேன்னு கண்ணுல தண்ணி விட்டுச் சொன்னாடி. பயந்துட்டேன்."

"பயந்தீங்க. சரி. விழுந்தா தாங்க ஆள் இருந்த இடத்துலருந்து என்னைக் கூட்டிட்டு வந்து, ஆளே இல்லாத அறையில விட்டீங்க. ரொம்ப நல்ல பயம்."

"அதோட, அந்த உடுப்பு... கடைக்கு வர்றவங்க யாராவது பார்த்தா..." என்றார்.

"சொல்லுங்க. முழுசாச் சொல்லுங்க."

"விடேன். அதான் வீட்டுலயே எல்லாம் இருக்கே."

"போட்டிக்கு என் பேரு போயிடும்னு தெரியுமா உங்களுக்கு?"

அவர் துணியை உதறிக் கொடியில் போடுவதுபோல இரும்புச் சட்டத்தில் போட்டார். தெரியும்.

நான் மாடிப்படியின் கீழே போய் நின்றேன்.

"சின்னவளே, இறங்கி வா."

வந்தாள். நான் எங்கே போய்விட்டு வந்திருக்கிறேன் என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். பின்னறைக் கதவு நிலையைத் தாண்டவில்லை.

"மாஸ்டரைப் பார்த்துட்டு வர்றேன்."

"ம்."

"'ம்'மா? அவ்வளவுதானா?"

"என்ன சொல்லணும்க்கா? பொய்னு சொன்னா நீங்க நம்பப் போறீங்களா?"

"ஏன்டி செஞ்சே?"

அவள் பிளேட்டுகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "இந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து 'பெரியவளைப் பாரு, பெரியவளைப் பாரு.' மாமியார் இருந்த வரைக்கும் அவங்க. அப்புறம் உங்க கொழுந்தன். சரி, போகட்டும்னு இருந்தேன். இந்த இரும்புகிட்ட வந்தப்பத்தான் நாம ரெண்டு பேரும் ஒண்ணாத் தொடங்கினோம். இங்கயாவது பெரியவ, சின்னவ கிடையாதுன்னு நினைச்சேன். அங்கயும் நான் தூக்கி முடிச்சதும் உங்களுக்கு ஒரு பிளேட் அதிகமா மாட்டணும். என் கையாலயே மாட்டணும், தினமும்."

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே. விட்டுக் குடுத்திருப்பேனே."

"அதான்க்கா!" முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "குடுத்திருப்பீங்க. 'சின்னவளுக்கு விட்டுக் குடுத்தா, எவ்வளவு பெரிய மனசு'ன்னு அதுக்கும் உங்களுக்குத்தான் பேரு. நீங்க கட்டிக் கழிச்ச புடவை எத்தனை கட்டியிருக்கேன், கணக்கு இருக்கா?"

"கேட்டு வாங்கினா பழசு, திருடினா புதுசாடி?"

வீட்டுக்காரர் நடுவில் வந்தார். "சரி, சரி. ஒரு போட்டிக்குப் போய் ரெண்டு பேரும்... இந்த ஒரு தடவை அவ போகட்டுமே."

"நீங்க கடையைத் திறக்கப் போங்க."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

"அப்ப பேசாம நில்லுங்க."

நான் ரப்பர் விரிப்பின் மேல் ஏறினேன். "வா சின்னவளே. எனக்கு மாட்டுற பிளேட்டை மாட்டு. பின்னால நில்லு."

"இப்பவாக்கா?"

"இப்பத்தான்."

மாட்டினாள். கை பழகிய வேலை. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, திருகு. பிறகு என் பின்னால் வந்து நின்றாள். கழுத்தில் அதே மூச்சுக் காற்று. நான் கம்பியைத் தோளில் வாங்கிக் கொக்கியிலிருந்து எடுத்தேன். கனம் புதிதல்ல. என் கால்களுக்குத் தெரிந்த கனம்தான்.

"இறங்குங்கக்கா, நான்..."

மீதியை அவள் சொல்லவில்லை.

நான் கண்ணை மூடிப் பார்த்தேன். மூட முடியவில்லை. எதிர்க் கண்ணாடியில் என் தோளுக்கு மேலே அவள் முகம் தெரிந்தது. அவள் கைகள் எங்கே இருக்கின்றன என்று தேடினேன். என் இடுப்புக்குப் பக்கத்தில், இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன. முட்டியை மடித்தேன். கொஞ்சம் இறங்கியதும் உடம்பு தானாக நின்றுவிட்டது, சேற்றைக் கண்ட மாடு மாதிரி. மேலே வந்து கம்பியைக் கொக்கியில் போட்டேன். சட்டமே அதிர்ந்தது.

"என்னக்கா? மணிக்கட்டா?"

"மணிக்கட்டு நல்லாத்தான் இருக்கு. காலும் நல்லாத்தான் இருக்கு. முதுகுதான்டி உன்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்குது."

அவள் அப்படியே விரிப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு அவளே போனை எடுத்தாள். எனக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"மாஸ்டர், நான் சின்னக்கா. அக்காவே போகட்டும். அவங்க எதுவும் சொல்லி அனுப்பலை. நானாத்தான் சொன்னேன்."

அந்தப் பக்கத்திலிருந்து பிளேட் மோதும் சத்தம் மட்டும் வந்தது.

"பெரியக்கா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கேன், சொல்லு."

"உங்க பேரையே குடுத்துடறேன். நாளைலருந்து வந்துடுங்க. ஜோடி..." தயங்கினாள். "யாரைப் போடட்டும்?"

"போட்டியில யாரு பின்னால நிப்பாங்க?"

"அங்க அவங்களே ஆள் நிறுத்துவாங்கக்கா. நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் இருக்க மாட்டாங்க. அறிமுகமே இல்லாதவங்க."

"அதுவே போதும். அவங்களை நம்பி இறங்கிடுவேன். ஜிம்முலயும் அப்படியே யாரையாவது நிறுத்து. புதுசா வந்தவளா இருந்தாலும் பரவாயில்லை."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும்.

"சரிக்கா. இன்னொண்ணு. கொக்கி உயரத்தை அவங்களுக்கு இப்பவே சொல்லணும், தரையிலருந்து எவ்வளவுன்னு. உங்களுக்கு எவ்வளவு?"

எனக்குத் தெரியாது. இத்தனை நாளாக எண்ணக் கூடாது என்று எண்ணாமலே இருந்தவள் நான். சின்னவள் வாயைத் திறந்தாள். அவள் நாக்கு நுனியில் அந்த எண் இருந்தது. நான் கையை உயர்த்தித் தடுத்தேன்.

"கொஞ்சம் இரு மாஸ்டர், அளந்து சொல்றேன்."

"அக்கா, எனக்குத் தெரியும்க்கா. நான் சொல்லிடறேனே."

"வேணாம்."

அலமாரியிலிருந்து அளவு நாடாவை எடுத்து வந்தேன். பின்னறையில் கொக்கி அவள் வைத்த இடத்திலேயே இருந்தது, என் தோளுக்குச் சரியாக. வீட்டு ஜிம்மால் எனக்கு ஏற்பட்ட நன்மை அது ஒன்றுதான்.

"கீழ் முனையை நான் பிடிக்கட்டுமா?" என்றார் வீட்டுக்காரர்.

"வேணாம்."

நாடாவின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டு, மறுமுனையைக் கொக்கிவரை இழுத்தேன். எண் மங்கலாகத் தெரிந்தது.

"கண்ணாடி தரட்டுமா? உன்னோடது ஹால்ல இருக்கு."

கொக்கி தொட்ட கோட்டில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர்கள் இரண்டு பேரையும் தாண்டி, ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனேன்.